முன்குறிப்பும் கதையும்: ஹெயான் அரசவைக் கவிஞர்தம் துன்பியல் காதல்களும் அவற்றின் அசைவூட்ட மறுகூறல்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் ஹெயான் காலத்து (794–1185) அரசவைக் கவிஞர்களின் நிறைவேறாக் காதல்கள் அண்மைக் காலத்தில் அசைவூட்டத் தொடர்களாக மறுகூறப்பட்டு வருகின்றன. அவற்றுள் 2012ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'சோயாக்கு ஹியாகுனின் இஷ்ஷு: உதா கோய்' என்னும் தொடரை இக்கட்டுரை முதன்மைத் தரவாகக் கொள்கிறது. தொடர் கூறும் காதல்கள், பேரரசத் தொகைநூல்களில் பாடல்களுக்கு முன் அமைந்துள்ள உரைநடைக் குறிப்புகளோடு ஒப்பிடப்படுகின்றன. குறிப்பு கதைக்குச் சான்றாகும் இடம், குறிப்பு வேறொன்றைக் கூறும் இடம், குறிப்பே இல்லாத இடம் என மூன்று நிலைகள் இவ்வொப்பீட்டில் வெளிப்படுகின்றன. மூன்றையும் ஒரே உறுதியோடு கூறுவது பழைய கதைமரபின் தொடர்ச்சியே என்பதும், அவ்வாறு கூறும்போது காதலை முறித்த குடும்ப அரசியல் வெறும் தடையாகச் சுருங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: ஹெயான் காலம், வாக்கா, முன்குறிப்பு, ஹியாகுனின் இஷ்ஷு, இசே மொனொகதாரி, அசைவூட்டம்

முன்னுரை

முப்பத்தோர் அசைகளால் அமைந்த 'வாக்கா' என்னும் சிறுபாடல் ஹெயான் அரசவையில் இலக்கியமாக மட்டும் வழங்கவில்லை. அது மடலாகவும் மறுமொழியாகவும் அரசவைப் போட்டிக்குரிய பொருளாகவும் வழங்கியது. ஆணும் பெண்ணும் நேரில் காண்பது அரிதாயிருந்த உயர்குடிச் சூழலில் காதலின் தொடக்கமும் முறிவும் பெரும்பாலும் பாடல் வழியாகவே நிகழ்ந்தன. எனவே பாடலிலிருந்து காதலை மீட்டெடுக்க முயல்வது இயல்பான வாசிப்பாகவே இருந்து வந்துள்ளது.

அசைவூட்டத் துறை இம்முயற்சியில் இறங்கியது ஹெயான் இலக்கியத்தின் புனைகதை வழியாகும். முராசாகி ஷிகிபு இயற்றிய 'கெஞ்சி மொனொகதாரி' 54 இயல்களைக் கொண்டது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. இதனைச் சுகி கிசாபுரோ 1987இல் திரைப்படமாக்கினார். தெசாக்கி ஒசாமு 2009இல் 11 பகுதிகளில் தொலைக்காட்சித் தொடராக்கினார். இவ்விரண்டும் புனைவு மாந்தரைப் பற்றியவை. உண்மையில் வாழ்ந்த கவிஞர்களை மாந்தராகக் கொண்டு, அவர்தம் பெயரிலமைந்த பாடலை ஒவ்வொரு கதைக்கும் மையமாக்கியது 'உதா கோய்'. சுகிதா கேய் வரைந்த மாங்காவை அடிப்படையாகக் கொண்டு கசாய் கெனிச்சி இயக்கிய இத்தொடர் 13 பகுதிகளாக வெளிவந்தது. தலைப்பிலுள்ள 'சோயாக்கு' என்னும் சொல்லே மொழிபெயர்ப்பின் எல்லையைக் கடந்த பெயர்ப்பு என்னும் பொருள் தருவது. மூலத்திலிருந்து விலகும் உரிமையைத் தொடர் தன் பெயரிலேயே அறிவித்துவிடுகிறது. ஆதலின் தொடரில் பிழை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எவ்விடத்தில், எதனால், எத்திசையில் அது விலகுகிறது என்பதே ஆராயப்படுகிறது.

நூறு பாடல்களும் நீங்கிய முன்குறிப்புகளும்

'ஒகுரா ஹியாகுனின் இஷ்ஷு' என்பது நூறு கவிஞர், ஆளுக்கொரு பாடல் என்னும் முறையில் அமைந்த தொகுப்பு. இதனைத் தொகுத்தவராகக் கொள்ளப்படுபவர் ஃபுஜிவரா நோ தெய்க்கா (1162–1241). சாகா என்னுமிடத்தில் தம் உறவினர் ஒருவருக்கிருந்த மாளிகையின் தள்ளுகதவுகளில் ஒட்டுவதற்காகப் பழங்கவிஞர் பாடல்களைத் தாள்களில் எழுதிக் கொடுத்ததாக அவர் தம் நாட்குறிப்பான 'மெய்கெத்சுகி'யில் 1235ஆம் ஆண்டில் குறித்துள்ளார். இத்தொகுப்பின் தோற்றம் அந்நிகழ்வோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

இத்தொகுப்பின் நூறு பாடல்களும் பேரரசர் ஆணையால் தொகுக்கப்பெற்ற தொகைநூல்களில் இடம்பெற்றவை. அந்நூல்களில் பாடலுக்கு முன் 'கொதோபகாகி' என்னும் உரைநடைக் குறிப்பு அமைவது வழக்கம். பாடல் யாருக்கு, எச்சூழலில், எத்தலைப்பில் பாடப்பட்டது என்பதை அது கூறும். சூழல் தெரியாதபோது 'தலைப்பு அறியப்படவில்லை' என்றே குறிக்கும். புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் நின்று, பாடினோரையும் பாடப்பட்டோரையும் பாடிய சூழலையும் உரைக்கும் குறிப்புகளோடு இதனை ஒப்பிடலாம். அக்குறிப்புகளை நீக்கிவிட்டால் புறப்பாடல் எவ்வளவு வரலாற்றை இழக்குமோ, அவ்வளவு வரலாற்றைக் கொதோபகாகி நீங்கிய வாக்காவும் இழக்கும்.

ஹியாகுனின் இஷ்ஷுவில் நிகழ்ந்தது இவ்விழப்பே. அதில் கவிஞர் பெயரும் பாடலும் மட்டுமே நின்றன. பிற்காலத்தில் அது சீட்டு விளையாட்டாகவும் பள்ளிப் பாடமாகவும் பரவியபோது, முன்குறிப்பு அறியாத வாசகர் கோடிக்கணக்கில் பெருகினர். 2011இல் தொடங்கிய 'சிஹாயாஃபுரு' என்னும் அசைவூட்டத் தொடர் இவ்விளையாட்டையே கதைக்களமாகக் கொண்டது. நூறு பாடல்களுள் 43 காதற்பாடல்கள் எனக் கணக்கிடுவர். காதலைக் கூறி, காதலரைக் கூறாத இப்பாடல்கள் கதையை அழைத்து நிற்கின்றன. 'உதா கோய்' தொடரில் கதைகூறுபவராக வருபவர் தெய்க்கா என்பது இங்கு நினையத்தக்கது. சூழலை விலக்கிப் பாடலை மட்டும் நிறுத்திய தொகுப்பாசிரியரே திரையில் சூழலை விரித்துரைப்பவராகிறார்.

முன்குறிப்பே கதையாகும் இடம்

தொடர் கூறும் காதல்களுள் வரலாற்றுச் சான்று மிக வலிமையாக உள்ளவற்றுள் ஒன்று, ஃபுஜிவரா நோ மிச்சிமாசாவுக்கும் இளவரசி தோஷிக்கும் இடையிலானது. தொடரில் இளவரசியின் பெயர் மசாகோ என வாசிக்கப்படுகிறது. தொகுப்பின் 63ஆம் பாடல் மிச்சிமாசாவினுடையது. 1086இல் நிறைவுற்ற 'கோஷூயிஷூ' தொகைநூலின் முன்குறிப்பு, இசே திருக்கோயில் பணியிலிருந்து தலைநகர் திரும்பிய இளவரசியை அவர் மறைவாகச் சந்தித்ததையும், அது பேரரசர் செவிக்கு எட்டியதையும், காவல் வைக்கப்பட்டதால் சந்திக்க இயலாமற்போனதையும் கூறுகிறது. கதையின் எலும்புக்கூடு முழுவதும் இக்குறிப்பிலேயே அடங்கியுள்ளது. 'எய்கா மொனொகதாரி' என்னும் வரலாற்றுக் கதைநூலும் இந்நிகழ்வை விரித்துரைக்கிறது.

தோஷி பேரரசர் சன்ஜோவின் மகள், 1001இல் பிறந்தவர். தந்தையின் ஆட்சியில், 1012இல், இசே கோயிலின் கன்னிப் பூசகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேரரசர் பதவி விலகினால் பூசகியும் விலகுவது மரபு. 1016இல் சன்ஜோ அரியணை துறந்தார். கண்நோய் அவரை வருத்தியது உண்மையே. எனினும் தம் பேரனை அரியணையேற்ற விரும்பிய ஃபுஜிவரா நோ மிச்சினாகாவின் அழுத்தமே பதவி துறப்புக்கு முதன்மைக் காரணம். மிச்சிமாசாவோ, மிச்சினாகாவோடு அதிகாரப் போட்டியில் தோற்று 996இல் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்ட கொரெச்சிகாவின் மகன். ஆகவே இக்காதல், ஒரே மனிதரின் எழுச்சியால் வீழ்ந்த இரு குடும்பங்களின் மக்களுக்கிடையே நிகழ்ந்தது. சன்ஜோ 1017இல் மறைந்தார். தோஷி துறவு மேற்கொண்டு, இருபத்தைந்து வயது நிறையும் முன்பே இறந்தார். மிச்சிமாசா பிற்காலத்தில் வன்செயல்களுக்காகப் பேசப்பட்டு, 'முரட்டு மூன்றாம் நிலையர்' என்னும் பட்டப்பெயர் பெற்றார்.

தொடர் இக்காதலின் மென்மையைத் தேர்ந்து காட்டுகிறது. ஒரு பகுதியின் கால அளவில் அது தவிர்க்க இயலாததே. ஆனால் தடைசெய்யும் தந்தை அரியணை இழந்து நோயுற்றிருந்தவர் என்பதும், விலக்கப்பட்ட காதலன் அரசியலில் வீழ்ந்த கிளையைச் சார்ந்தவன் என்பதும் நீங்கும்போது, எஞ்சுவது எந்நாட்டிலும் எக்காலத்திலும் நிகழக்கூடிய பொதுவான தடைக்கதையே.

பேரரசர் யோசெயின் 13ஆம் பாடலும் இவ்வகையினது. 'கோசென்ஷூ'வின் முன்குறிப்பு, இப்பாடல் 'மீன்பிடி மண்டபத்து இளவரசி' எனப்பட்ட சுய்ஷிக்கு அனுப்பப்பட்டது என்கிறது. தொடரில் இவர் யசுகோ. யோசெய் 876இல் சிறுவராக அரியணையேறி 884இல் பதவி விலகச் செய்யப்பட்டவர். முந்தைய ஆண்டில் அவருடைய செவிலித்தாயின் மகன் அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டான். அரசு வரலாற்று நூல் அக்கொலையைப் பதிந்தும் கொன்றவர் பெயரைக் கூறவில்லை. பிற்காலக் கதைகள் யோசெயை மனம் பிறழ்ந்தவராகச் சித்திரித்தன. அவருக்குப்பின் அரியணையேறிய கோகோவின் மகளே சுய்ஷி. தம் இடத்தைப் பெற்றவரின் மகளை அவர் மணந்தார் என்பது முன்குறிப்பையும் அரச மரபுவழியையும் இணைத்துப் படிப்போர்க்கே புலனாகும். பழிசூழ்ந்த இளைஞனின் தனிமையைத் தொடர் பரிவோடு அணுகுகிறது. கொடுங்கோலன் என்னும் பழஞ்சித்திரிப்பை ஐயுறத் தூண்டும் அளவில் இங்கு அசைவூட்டம் வரலாற்று வாசிப்புக்குத் துணைசெய்கிறது எனலாம்.

முன்குறிப்பு வேறு கூறும் இடம்

தொகுப்பின் 17ஆம் பாடல் அரிவரா நோ நரிஹிராவினுடையது (825–880). தத்சுதா ஆற்றில் செந்நிற இலைகள் பரவிய காட்சியைப் பாடும் இதனைத் தொடர் நரிஹிராவுக்கும் ஃபுஜிவரா நோ தகாய்கோவுக்கும் (842–910) இடையிலான காதலோடு பிணைக்கிறது. ஆனால் 905ஆம் ஆண்டின் 'கொகின்ஷூ' இதனை இலையுதிர்காலப் பாடல்களுள் வைத்துள்ளது. தகாய்கோ பட்டத்து இளவரசரின் தாயாக விளங்கிய காலத்தில், அவருடைய இல்லத்து மடிப்புத்திரையில் தீட்டப்பட்டிருந்த ஆற்றுக்காட்சியைத் தலைப்பாகக் கொண்டு பாடியது என்பது முன்குறிப்பு. அதே திரைக்குச் சோசெய் என்னும் துறவியும் பாடிய பாடல் இதற்கு முன்னர் நிற்கிறது. எனவே இது ஓவியத்திற்குப் பாடிய அவைப்பாடல்.

காதற்கதை பிறந்தது வேறிடத்தில். 10ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற 'இசே மொனொகதாரி' பாடல்களைச் சுற்றிச் சிறுகதைகளைப் பின்னிய நூல். அதன் தொடக்கப் பகுதிகளில், பெயர் கூறப்படாத ஒருவன் தனக்கு எட்டாத பெண்ணை இரவில் கவர்ந்து செல்கிறான். இடிமழைக்கு ஒதுங்கிய இடத்தில் அவளைப் பேய் ஒன்று விழுங்கிவிடுகிறது. பின்னர்ச் சேர்ந்ததாகக் கருதப்படும் விளக்கம் ஒன்று, அப்பெண் தகாய்கோ என்றும், பேய் என்பது அவளை மீட்டுச்சென்ற உடன்பிறந்தாரே என்றும் கூறுகிறது. பேயை மனிதராக்கிய அவ்விளக்கமே ஆயிரமாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு மறுகூறல். 'உதா கோய்' அதன் தொலைவான வழித்தோன்றல்.

முன்குறிப்பு இக்காதலை முற்றிலும் மறுத்துவிடவில்லை. திரைக்குரியவர் தகாய்கோ, பாடியவர் நரிஹிரா என்னும் இரு செய்திகளே பிற்கால வாசகரின் கற்பனைக்கு வித்தாயின. ஆயினும் அம்முன்குறிப்பு காட்டும் தகாய்கோ கவரப்பட்ட பெண்ணல்லர். கவிஞரைத் தம் இல்லத்துக்கு அழைத்துப் பாடச்செய்த புரவலர். 866இல், தம்மினும் எட்டு வயது இளையவரான பேரரசர் செய்வாவின் அரண்மனையுள் புகுந்த அவர், யோசெயை ஈன்றார். 896இல் ஒரு துறவியோடு தொடர்புபடுத்தப்பட்டுப் பேரரசிப் பட்டத்தை இழந்தார். அவர் இறந்து முப்பதாண்டுகளுக்குப் பின்னர், 943இல், அப்பட்டம் மீட்டளிக்கப்பட்டது. இளமைக் காதலில் தொடங்கி அதிலேயே நிறைவுறும் மறுகூறல்களில் இந்நெடிய வாழ்வுக்கு இடமில்லை.

தெய்க்காவுக்கும் இளவரசி ஷிகிஷிக்கும் (1149–1201) இடையிலான காதல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 89ஆம் பாடல் ஷிகிஷியினுடையது. காதலை மறைத்து வாழ்வதினும் உயிர் அறுவதே மேல் என்னும் உணர்வு அதில் மேலோங்கி நிற்கிறது. 1205ஆம் ஆண்டின் 'ஷின் கொகின்ஷூ' முன்குறிப்பு, இது நூறுபாடல் வரிசையொன்றில் 'மறைத்த காதல்' என்னும் தலைப்புக்குப் பாடியது என்கிறது. தலைப்புக்குப் பாடும் மரபில் கவிஞர் தாம் துய்க்காத உணர்வையும் ஏற்றுப் பாடுவர். எனவே அப்பாடல் தன்வரலாற்றுச் சான்றாகாது. கமோ கோயிலின் கன்னிப் பூசகியாக 1159 முதல் 1169 வரை பணியாற்றிய ஷிகிஷி தெய்க்காவினும் பதின்மூன்று வயது மூத்தவர். தெய்க்கா 1181இல் முதன்முறை அவர் இல்லம் சென்றதையும், அவருடைய இறுதி நோய்க்காலத்தில் சென்று கண்டதையும் நாட்குறிப்பு கூறுகிறது. தெய்க்காவின் தந்தை ஷுன்செய் அவருக்குக் கவிதை ஆசான். இவை குடும்பத் தொடர்புக்குச் சான்றாகின்றன; காதலுக்குச் சான்றாகவில்லை.

காதலை நிலைநிறுத்தியது 15ஆம் நூற்றாண்டின் 'தெய்க்கா' என்னும் நோ நாடகம். கொன்பாரு சென்சிக்கு இயற்றியதாகக் கருதப்படும் அதில், தெய்க்காவின் பற்று கொடியாகி இளவரசியின் கல்லறையைச் சுற்றிப் படர்கிறது. 'தெய்க்கா கசுரா' என்பது இன்றும் அக்கொடியின் பெயர். நோ நாடகத்தில் இளவரசி விடுதலை வேண்டும் ஆவி. தொடரிலோ நினைவில் வாழும் காதலி. ஒரே கதைமரபு, பௌத்தப் பற்றறுப்பு நோக்கிலிருந்து தற்காலத் தனிமனித உணர்வு நோக்கிற்கு இடம்பெயர்ந்ததை இவ்வேறுபாடு காட்டுகிறது.

முன்குறிப்பு பேசாத இடம்

நரிஹிராவின் தமையன் யுகிஹிராவின் 16ஆம் பாடல் பிரிவுப் பாடல். கொகின்ஷூவில் அதற்குத் 'தலைப்பு அறியப்படவில்லை' என்பதே குறிப்பு. 855இல் அவர் இனாபா நாட்டின் ஆளுநராக நியமிக்கப்பட்டார் என்பதும், பாடலில் இனாபா மலை சுட்டப்படுவதும் இணைத்துப் பார்க்கப்படுகின்றன. யாரைப் பிரிந்தார் என்பது கூறப்படவில்லை. தொடர் அவ்விடத்தில் மனைவியை நிறுத்துகிறது. பணியேற்கச் செல்லும் அரசு அலுவலரின் விடைபெறல், கணவன் மனைவி பிரிவாகிறது.

ஓனோ நோ கோமாச்சியின் நிலை வேறு. அவருடைய வாழ்க்கை பற்றிய உறுதியான செய்திகள் மிகச் சிலவே. அவ்வெறுமையில் பேரழகி, இரக்கமற்றவள், முதுமையில் அலைந்து திரிந்தவள் என அடுக்கடுக்காகக் கதைகள் தோன்றின. நூறு இரவுகள் தொடர்ந்து வந்தால் ஏற்பதாகக் கூறியவளின் வாயிலுக்கு வந்து, இறுதி இரவுக்கு முன் இறந்த ஃபுகாகுசா தளபதியின் கதை நோ நாடகத்தால் புகழ்பெற்றது. தொடர் அவருக்கு இணையாக்குவது யோஷிமினே நோ முனெசதாவை. பேரரசர் நின்ம்யோ 850இல் மறைந்ததும் துறவு பூண்டு ஹென்ஜோ எனப் பெயர்பெற்றவர் அவர். இவ்விணைப்புக்கு ஒரு பழைய இழை உண்டு. இசொனோகாமி கோயிலில் ஹென்ஜோ இருப்பதறிந்து கோமாச்சி ஆடை இரவல் கேட்டுப் பாடியனுப்பியதையும், அவர் தந்த மறுமொழியையும் கோசென்ஷூ தருகிறது. அவ்வுரையாடல் நகைச்சுவை ததும்புவது. துயரின் சாயல் அதில் இல்லை. ஒரு குறும்பான பாடல் மாற்றம் வாழ்நாள் ஏக்கமாக வளர்ந்திருப்பதை இங்குக் காண்கிறோம்.

திரைக்குப் பின்னிருந்த முகம்

ஹெயான் உயர்குடிப் பெண் மூங்கில் தட்டிக்கும் துணித்திரைக்கும் பின்னிருந்தே பேசினார். ஆண் அறிந்தது குரல், கையெழுத்து, தாளின் நிறம், ஆடையின் நறுமணம் ஆகியவற்றையே. வேலியிடுக்கில் தற்செயலாகக் காண்பது தனியொரு கதைக்கூறாகும் அளவுக்குக் காட்சி அரிதாயிருந்தது. 12ஆம் நூற்றாண்டின் கெஞ்சி ஓவியச்சுருள் கூரையை நீக்கி உள்ளறையைக் காட்டியபோதும், முகங்களைக் கோடாகிய கண்ணும் கொக்கியாகிய மூக்குமாக, தனித்தன்மையின்றியே வரைந்தது. உணர்வைத் திரைச்சீலையின் சாய்வும் தூண்களின் கோணமும் உணர்த்தின.

அசைவூட்டம் முகத்தை நம்பிய கலை. தடித்த புறக்கோடுகளால் உருவங்களைத் தீட்டும் 'உதா கோய்' மாந்தரை எதிரெதிரே நிறுத்தி, விழிகளின் அசைவால் உணர்வைப் புலப்படுத்துகிறது. தெசாக்கியின் தொடரும் உச்சக் கணங்களில் முகத்தை அசைவற்ற ஓவியமாக உறையச் செய்கிறது. இதனால் பாடலின் பணி மாறுகிறது. மூலச் சூழலில், ஒருவரையொருவர் காணாதாரிடையே காதல் செல்வதற்குரிய வழி பாடல். திரையில், கண்களே அனைத்தையும் கூறிவிட்ட பின்னர் வரும் முத்தாய்ப்பு. மிச்சிமாசாவின் பாடல் இதனை நன்கு விளக்கும். இனிச் சந்திப்பதில்லை என்பதை மற்றொருவர் வாயிலாக அன்றி நேரில் கூற வேண்டும் என்பதே அதன் வேட்கை. காதலர் பன்முறை நேர்நின்று பேசுவதைக் கண்ட பார்வையாளர்க்கு அவ்வேட்கை ஒரு விடைபெறலின் விருப்பம் மட்டுமே. காவலும் திரையும் இடைநின்ற உலகில் அதுவே கடைசியாக எஞ்சிய உரிமை.

முடிவுரை

தொகைநூல்களின் முன்குறிப்புகளோடு ஒப்பிடும்போது 'உதா கோய்' கூறும் காதல்கள் சான்றளவில் சமமானவை அல்ல என்பது தெளிவாகிறது. மிச்சிமாசா–தோஷி காதல் ஆவணப்பட்டது. நரிஹிரா–தகாய்கோ காதல் கதைநூல் வளர்த்தது. தெய்க்கா–ஷிகிஷி காதல் நாடகம் நிலைநாட்டியது. கோமாச்சி–முனெசதா காதல் ஒரு சிறு பாடல் மாற்றத்தின் மீது எழுப்பப்பட்டது. தொடர் இவற்றை ஒரே குரலில் கூறுகிறது.

இது தற்கால வணிகக் கலையின் புதுப்போக்கு அன்று. பாடலுக்குக் கதை தேடிய இசே மொனொகதாரியும், கதைக்கு ஆவியுரு தந்த நோ நாடகமும் செய்ததையே அசைவூட்டம் தனக்குரிய கருவிகளால் செய்கிறது. ஆகவே அதனை மூலத்தின் சிதைவு என்று ஒதுக்குவதினும், ஏற்பு வரலாற்றின் அண்மைய அடுக்கு எனக் கொள்வதே பொருந்தும்.

எனினும் ஒவ்வோர் அடுக்கும் ஒன்றைச் சேர்த்து ஒன்றை மறைக்கிறது. இக்காதல்களுள் பலவற்றின் முறிவுக்குப் பின்னணியில் நின்றது, மகளிரை அரண்மனையுள் அனுப்பி, அவர் ஈன்ற மக்கள்வழி ஆட்சியைக் கைக்கொண்ட ஃபுஜிவரா குடும்ப அரசியல். தகாய்கோவை மீட்டுச்சென்ற 'பேயும்', சன்ஜோவின் பதவி துறப்பும், யோசெயின் வீழ்ச்சியும் அவ்வரசியலின் வேறுவேறு முகங்கள். கதைகளைத் தனித்தனியே நுகர்வோர்க்கு இவை ஊழின் விளையாட்டாகத் தோன்றும். முன்குறிப்போடு சேர்த்துப் படிப்போர்க்கு ஓர் ஆட்சிமுறையின் விளைவுகளாகத் தோன்றும். ஓவியத்திரைக்குப் பாடல் வேண்டிய தகாய்கோவும், தலைப்புக்குப் பாடி உயர்ந்த ஷிகிஷியும் காதலியர் என்பதற்கு முன்பே கலையின் புரவலரும் கவிஞரும் ஆவர் என்பதையும் அச்சிறு குறிப்புகளே காத்து நிற்கின்றன. அசைவூட்டம் இப்பாடல்களுக்குப் புதிய வாசகரைத் தந்துள்ளது. அவ்வாசகரை முன்குறிப்புகளிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு இலக்கிய வரலாற்றுக் கல்விக்கு உரியது.